என் வீரமும் கருப்பட்டியும்

எங்கள் ஊரில் இப்போதும் யாராவது துணிச்சலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், கொஞ்ச நேரத்தில் பேச்சு என்மேல் வந்து நிற்கும். யானையின் வயிற்றுக்கு அடியில் நின்றுகொண்டு யானைக்கே தீனி கொடுத்த ஆள் என்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைப்பார்கள். சிரிப்பை மறைக்க எனக்கு வேறு வழி தெரியாது.

நான் பயத்தோடு பிறந்தவன். கிணற்றில் எட்டிப் பார்க்க வேண்டுமென்றால் பின்னால் ஒருவர் என் வேட்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தென்னைக்கு அடியில் நடக்கும்போது தலையில் கையை வைத்துக்கொண்டு நடப்பேன், விழுகிற தேங்காய் என் கையைக் கண்டு ஒதுங்கிப் போய்விடும் என்பதுபோல. அஞ்சல் ஆபீசில் குமஸ்தா வேலைக்குச் சேர்ந்ததுகூட, அந்த அறையில் மனிதனைத் தாக்கக்கூடிய பொருள் கோந்துக் கிண்ணம் ஒன்றுதான் என்று நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டுதான்.

அதனால், மனிதர்கள் ஏன் ஆபத்தில் போய் விழுகிறார்கள் என்பதைப் பற்றி யோசிக்க எனக்கு நிறைய நேரம் கிடைத்திருக்கிறது. துணிகிறவர்களுக்கு யோசிக்க நேரம் ஏது? மழைக்காலத்தில் ஆற்றில் ஒரு தேங்காய்க் குலை மிதந்து வந்தால் போதும், வீட்டில் தேங்காய் மலைபோல் குவிந்து கிடக்கிறவன்கூட வெள்ளத்தில் சாடிவிடுவான். கரையில் யாரும் இல்லாவிட்டால் சாடமாட்டான். குலை அதன்பாட்டுக்குக் கடலுக்குப் போகும். இதை நான் பல மழைக்காலங்களில், கரையிலிருந்து நன்றாகத் தள்ளி நின்று, கவனித்திருக்கிறேன்.

நானும் ஒரு தடவை சாடினேன். அதற்கு ஒரு பெண் காரணம்.

அவள் தன் சித்தியோடு எங்கள் ஆபீசுக்கு வந்தாள். திருவனந்தபுரத்தில் படிக்கிற அண்ணனுக்கு ஒரு பார்சல் அனுப்ப வேண்டும். நான் என் வழக்கப்படி முத்திரையை ஓங்கினேன். அந்த ஆபீசில் நான் பயமில்லாமல் அடிக்கக்கூடிய ஒரே பொருள் பார்சல்தான்.

"மெதுவா வையுங்க," என்றாள். "உள்ள அம்மா சுட்ட முந்திரிக்கொத்து இருக்கு. உடைஞ்சா அண்ணன் என்னையல்லா பேசுவான்."

ஓங்கிய கையை இறக்கி, நெற்றியில் திருநீறு வைப்பதுபோல அந்தப் பார்சலுக்கு முத்திரை வைத்தேன். அவள் சிரித்தாள். அன்று மாலை நான் அக்காவிடம் போய், எனக்குக் கல்யாண வயது வந்துவிட்டதாக ஒரு தகவல் தெரிவித்தேன். தாய் தகப்பன் இல்லாத என்னை வளர்த்தது அக்காதான். "இப்பத்தான் வந்துதா? எப்பமோ வந்து ஊரெல்லாம் சுத்திட்டு அது வேற வீடு பாத்துப் போயிருக்கும்னுல்லா நெனச்சேன்," என்றாள்.

அது மருமக்கள் வழி போய் மக்கள் வழி வந்த புதிது. அதற்கு முன் எங்கள் ஆட்களிடையே சொத்து தாய்மாமனிடமிருந்து மருமகனுக்குப் போகும். மகளுக்கு வருகிற மாப்பிள்ளை எப்படிப்பட்டவன் என்று தகப்பன்மார் அவ்வளவாகக் கவலைப்பட்டதில்லை. சட்டம் மாறியது, தன் வயலும் தோப்பும் மகளோடு சேர்ந்து இவன் கையில் போகும் என்று ஆனது. உடனே தகப்பன்மார் மாப்பிள்ளைகளை உழவு மாடு பார்ப்பதுபோலப் பார்க்கத் தொடங்கினார்கள். பல்லைப் பிடித்துப் பார்க்காதது ஒன்றுதான் குறை.

அவளுடைய தகப்பனார் என்னைப் பார்க்க வந்தார். பெரிய மீசை, பெரிய குடை, பெரிய குரல். ஒரு சாண் வரப்புக்காக நாகர்கோவில் கோர்ட்டுக்கும் வீட்டுக்குமாக நடந்து செருப்புகளைத் தேய்த்தவர். அக்கா அவருக்குச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். செம்புக்கு அடியில் ஒரு தேரை ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அவர் செம்பைத் தூக்கினார். தேரை சாடி என் மடியில் உட்கார்ந்தது.

அடுத்து நடந்ததில் நடுப்பகுதி எனக்கு நினைவில்லை. முடிவு நினைவிருக்கிறது. நான் அவருடைய முதுகில் இருந்தேன்.

என்னைச் சுமந்தபடியே அவர் அக்காவைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: "தம்பிக்கு பயம் கொஞ்சம் உண்டும் போல."

"சின்னதுல ஒரு தேரை இவன் மேல சாடிச்சு. அதுல இருந்து இப்படி," என்றாள் அக்கா.

"எனக்க மகளைக் கட்டப்போறவன் இப்படி இருக்கப்பிடாது. நாளைக்கு வரப்புல ஒரு தகராறு வந்தா ஆரு நிப்பா?" என்னை மெல்ல இறக்கிவிட்டு, தோளில் நான் பிடித்த இடத்தைத் தடவிக்கொண்டார். "இதுக்கு மருந்து உண்டும். திருவிழாவுக்கு யானை வரும்லா. அதுக்க வயித்துக்கடியில மூணு தடவை நுழைஞ்சு வரட்டும். நான் கண்ணால பாக்கணும். பெறவு பேசுவோம்."

எங்கள் பக்கத்தில் அது பழைய வழக்கம். இரவில் அலறி எழுகிற குழந்தைகளை யானையின் வயிற்றுக்கு அடியில் இந்தப் பக்கம் கொடுத்து அந்தப் பக்கம் வாங்குவார்கள். பயம் தெளிந்துவிடும். மீசை முளைத்த குழந்தைக்கு அந்த மருந்தைச் சொன்னது அதுதான் முதல் தடவை. இதில் ஒரு கோளாறு இருந்தது. எனக்குப் பயம் போக வேண்டுமென்றால் யானைக்கு அடியில் போக வேண்டும். யானைக்கு அடியில் போக வேண்டுமென்றால் எனக்குப் பயம் போக வேண்டும். இதை நான் பக்கத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்த என் சிநேகிதனிடம் சொன்னேன்.

"பொம்பளை யானைதானே மக்கா," என்றான். "கொம்பு கூடக் கெடையாது."

"காலு உண்டும்லா வே."

"காலு எல்லாருக்கும்தான் உண்டும்."

"எல்லாருக்கக் காலும் அஞ்சல் பெட்டி அளவுக்கா இருக்கு?"

"நீ ஒண்ணும் பயப்படாத. நான் கூட வாறேன்."

"அடியிலயா?"

"பக்கத்துல."

அடுத்தவனை ஆபத்துக்குள் தள்ளிவிடுகிறவனுக்கு இருக்கிற தைரியத்தை அளக்க மரக்கால் கிடையாது. அவன் எனக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தான். மாடு அவிழ்த்த வண்டிக்கு அடியில் குனிந்து நடக்கச் சொன்னான். நடந்தேன். தலை அச்சில் இடித்து, உச்சியில் மசகு அப்பிக்கொண்டு வந்தேன். ஆபீசில் ஆள் இல்லாத நேரம் பார்த்து மேஜைக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் எழுந்தேன். எழுந்த இடத்தில் எங்கள் மேலதிகாரி நின்றுகொண்டிருந்தார்.

"ஓய், என்னத்தைத் தேடுறீர்?"

"ஸ்டாம்பு விழுந்து போச்சு சார்."

"கெடச்சுதா?"

"இன்னும் ரெண்டு தடவை பாக்கணும் சார்."

திருவிழாவுக்கு முந்தின நாள் மேற்கே களியக்காவிளைப் பக்கத்திலிருந்து யானை வந்து சேர்ந்தது. புளியமரத்தடியில் கட்டிப் போட்டிருந்தார்கள். நான் போய், யானைக்கு எட்டாத தூரத்தில் நின்று, யானைக்காரரைக் கூப்பிட்டேன். அவர் யானையின் முன்காலில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். யானையின் காலை மனிதன் சாய்மானமாக வைத்துக்கொள்ள முடியும் என்பதே எனக்கு அதிர்ச்சி.

"பேடிக்காண்டாம் பிள்ளே," என்றார். "பாவம் பிடிச்ச சென்மமாக்கும் இவ. எறும்பைக்கூட மிதிக்கமாட்டா."

"எறும்பு கண்ணுக்குத் தெரியாதுல்லா. மிதிச்சாளா இல்லியான்னு அவளுக்கு எப்படித் தெரியும்?" என்றேன். பிறகு பேச்சை வேறு பக்கம் திருப்பினேன். "களியக்காவிளையில இருந்து நடந்தா வந்தீங்க? பஸ்சு உண்டுமே?"

அவருடைய முகம் மாறிவிட்டது. வெற்றிலையைத் துப்பினார். "அந்தச் சவத்துல மனுஷன் ஏறுவானா? பள்ளத்தைக் கண்டா நிக்கணும்னு அதுக்குப் புத்தி உண்டா? உள்ள இருக்கிறவன் நல்லவனா கெட்டவனான்னு அதுக்குத் தெரியுமா? எனக்கு அதுக்க ஒச்சையைக் கேட்டாலே நெஞ்சு படபடன்னு வரும்."

நான் மாதத்தில் பலமுறை மார்த்தாண்டத்துக்கு அந்தப் பஸ்ஸில் போகிறவன். இறக்கத்தில் பிரேக்கு பிடிக்காமல் போனால், கிளீனர் கீழே குதித்து, கட்டையை எடுத்துக்கொண்டு சக்கரத்துக்கு முன்னால் ஓடுவான். நான் உள்ளே வேர்க்கடலை தின்றுகொண்டிருப்பேன். அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. யானைக்காரருக்கு யானையின் வாசனை பழகிவிட்டது. எனக்குப் பஸ்ஸின் வாசனை பழகிவிட்டது. ஆபத்து என்று நாம் சொல்வது ஆபத்தை அல்ல, நமக்குப் பழகாத வாசனையைத்தான். இதைக் கண்டுபிடித்ததில் எனக்குப் பெருமையாக இருந்தது. யானை காதை ஆட்டியதும் அந்தப் பெருமை போய்விட்டது.

"அவளுக்கு என்ன பிடிக்கும்?" என்று கடைசியாகக் கேட்டேன்.

"கருப்பட்டி. கருப்பட்டி கண்டா கொச்சுப்பிள்ளை போல ஆயிருவா."

மறுநாள் ஒரு கருப்பட்டியை மடியில் முடிந்துகொண்டேன். யானை கோபப்பட்டால் அதை எறிந்துவிட்டு ஓடலாம் என்பது என் திட்டம். யானைக்காரர் சொன்னதை நான் அக்காவிடமும் சிநேகிதனிடமும் சொல்லியிருந்தேன். அக்கா என்னிடம் சொல்லாமல், என் இடுப்பில் கட்டிவிட்ட நேரியல் துண்டின் பின்முடிச்சில் ஒரு கருப்பட்டியை வைத்துக் கட்டிவிட்டாள். சிநேகிதன், என்னைத் தட்டிக்கொடுப்பதுபோலத் தட்டிக்கொடுத்து, பக்கவாட்டில் இன்னொன்றைச் செருகிவிட்டான். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. என்னைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதியில் இரண்டு பேரும், நேற்று வரை 'வேண்டாம்னா விட்டுரு' என்று சொன்னவர்கள், இன்று 'போ, போ' என்று விரட்டினார்கள். பயத்துக்கு ஒரு மருந்து கையில் இருந்தால் மனிதன் அந்த மருந்தை நம்பியே பள்ளத்தில் இறங்குவான். நானும் இறங்கினேன். யானையின் மூக்குக்கு நான் மனிதனாகவே தெரிந்திருக்க மாட்டேன். வேட்டி கட்டிய பனஞ்சரக்காகத் தெரிந்திருப்பேன்.

கோயில் முன்னால் கூட்டம். முன்வரிசையில் பெரிய மீசை, குடையை ஊன்றிக்கொண்டு. மதிலோரம் பெண்கள், நடுவில் அவள். அந்த முகத்தைப் பார்த்தபின் திரும்பிப் போக வழியில்லை. யானை மிதித்தால் ஒரு நாள் பேச்சு. திரும்பிப் போனால் ஆயுள் முழுக்கப் பேச்சு. நான் யானையைத் தேர்ந்தெடுத்தேன்.

முதல் தடவை கண்ணை இறுக மூடிக்கொண்டு குனிந்து ஓடினேன். பக்கத்தில் சிநேகிதன் "லெப்ட், ரைட்" என்று சொல்லிக்கொண்டே வந்தான், நன்றாகத் தள்ளி. வெளியே வந்துவிட்டேன். யானை வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. கூட்டம் குலவையிட்டது. அந்தச் சத்தம் தலைக்கேறியது. இவ்வளவுதானா என்று இரண்டாம் தடவை கொஞ்சம் நிமிர்ந்தே போனேன்.

முன்கால்களைத் தாண்டுவதற்குள் என் இடுப்பில் ஈரமான ஒரு கை விழுந்தது. கண்ணைத் திறந்தேன். கை அல்ல. தும்பிக்கையின் நுனி. அது என் மடியை, கடையில் துணி வாங்குகிற பெண்ணைப்போல, விரலால் தடவிப் பார்த்தது.

என் கால்கள் இரண்டும் அந்த இடத்திலேயே ராஜினாமா கொடுத்துவிட்டன. தலைக்கு மேலே, யாரோ பெரிய அண்டாவை உருட்டுவதுபோல யானையின் வயிறு உருண்டது. தும்பிக்கை முடிச்சை அவிழ்த்து, என் கருப்பட்டியை எடுத்துக்கொண்டு போனது. முடிந்தது என்று நினைத்தேன். திரும்பி வந்தது. பின்பக்கம் போய் அக்காவின் கருப்பட்டியைக் கண்டுபிடித்தது. என் பின்னால் ஒரு கருப்பட்டி இருந்தது எனக்கே அப்போதுதான் தெரியும். யானை மாயம் செய்கிறது என்றே நினைத்தேன். அடுத்து பக்கவாட்டு.

கூட்டத்திலிருந்து அந்தப் பெரிய குரல் கேட்டது. "நிக்க நிலையைப் பாத்தேளா வே. ஒரு அசைவு உண்டுமா? யானைக்கடியில நின்னு யானைக்குத் தீனி குடுக்கான்."

சிநேகிதன் குனிந்து கிசுகிசுத்தான். "மக்கா, வெளிய வா."

"வரல்ல."

"என்னது வரல்ல?"

"காலு."

அவன் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னான்: "அவனுக்கு இப்ப வர மனசில்லியாம்."

கருப்பட்டி தீர்ந்தது. யானை ஒரு பெருமூச்சு விட்டது. அதன் பிறகு நடந்ததை ஊர் ஒரு விதமாகச் சொல்லும். உள்ளபடி சொன்னால், நான் யானைக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. யானைதான் என்மேலிருந்து புறப்பட்டுப் போனது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். என்மேல் வெயில் வந்து விழுந்தது.

பெரிய மீசை ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். "மூணாவது தடவை வேண்டாம் மாப்பிளை. இது போரும்." மாப்பிள்ளை என்றே சொல்லிவிட்டார்.

நான் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஆற அமர நடுங்கினேன். பெண்கள் பக்கம் பேசிவிட்டு வரப் போன அக்கா மாலையில் வந்தாள். முகம் சரியில்லை.

"ஏலே மக்கா, காரியம் கெட்டுப் போச்சு."

"அவருக்குப் பிடிக்கல்லியா?"

"அவருக்கு உன்னைத் தலையில தூக்கி வச்சு ஆடணும் போல இருக்கு. பொண்ணுக்குத்தான் நீ வேண்டாமாம்."

"என்னத்துக்கு?"

"துணிச்சக்காரனைக் கட்டமாட்டாளாம்."

அக்கா உட்கார்ந்து விவரமாகச் சொன்னாள். அந்த வீட்டில் ஏற்கெனவே துணிச்சல் தேவைக்கு மேல் இருந்தது. தகப்பனார் வரப்புக்காகக் கோர்ட்டு ஏறுகிறவர். ஏறாத நாளில் பக்கத்து வயல்காரனோடு மல்லுக்கட்டுகிறவர். அவளுடைய அக்காள் புருஷன் தேங்காய்க் குலைக்காக வெள்ளத்தில் சாடி, குலையும் இல்லாமல் ஒரு கால் நீளக்குறைவோடு கரை ஏறியவர். அண்ணன் பஸ்ஸின் கூரையில் உட்கார்ந்துதான் ஊருக்கு வருவான். போன தடவை ஒரு பலாக்கிளை அவனை இறக்கிவிட்டது. அடுப்படியில் அவள் என் அக்காவிடம் சொன்னாளாம்: "இந்த வீட்டுல தாளிக்க எண்ணெய் காய்ச்சினதைவிட முறிவெண்ணெய் காய்ச்சினதுதான் கூடுதல். தேரைக்குப் பயந்து அப்பாக்க முதுகில ஏறினாருன்னு கேட்டப்போ எனக்கு அவரைப் பிடிச்சிருந்து. இப்ப யானைக்கடியில நின்னு அதுக்கு ஊட்டி விடுதாரு. எனக்கு வேண்டாம் மயினி."

மருமக்கள் வழி போனாலும் எங்கள் வீடுகளில் பெண்களின் வார்த்தை போய்விடவில்லை. பெண் வேண்டாம் என்றால், தாய் வேண்டாம் என்பாள். தாய் வேண்டாம் என்றால் மீசை எவ்வளவு பெரியதாக இருந்தும் பயனில்லை. என் நிலைமையைப் பாருங்கள். வாழ்நாள் முழுக்க இலவசமாக ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்த பயத்தை, தேவைப்பட்ட அன்று ஒருநாள் மறைத்து, பெண்ணை இழக்கப் பார்த்தேன். இனி அவளிடம் நான் கோழை என்று நிரூபிக்க வேண்டும். அதுவும் அவள் தகப்பனாருக்குத் தெரியாமல்.

திருவிழா முடிவதற்குள் ஒருநாள் என்னை அவர் சாப்பிடக் கூப்பிட்டார். நான் ஒரு திட்டத்தோடு போனேன். அவர் அப்பால் போகிற நேரம், அவள் பார்க்கிற நேரம், ஒரு பல்லியைக் கண்டு அலற வேண்டும். சுவர் சுவராகப் பார்த்தேன். ஒரு பல்லி இல்லை. என் வீட்டில் பத்துத் தலைமுறையாகக் குடியிருக்கிறதுகள். வேண்டிய நாளில் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை. தொழுவத்தில் ஒரு கன்றுக்குட்டி நின்றது. அதைக் கண்டு பயப்படலாமா என்று பக்கத்தில் போனேன். அது என் கையை நக்கியது. அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். 'மாட்டுக்கும் பயமில்லை' என்று கணக்கில் ஏறியிருக்கும்.

அப்போது தெருவில் செண்டைச் சத்தம் கேட்டது.

திருவிழா நாட்களில் கோயில் யானை வீடு வீடாக வந்து பறை நெல் வாங்கும். விளக்கேற்றி வைத்து, பறை நிறைய நெல் அளந்து வைத்து வரவேற்க வேண்டும். இது எனக்குத் தெரிந்ததுதான். இன்றைக்கு இந்தத் தெரு என்பதுதான் தெரியாது.

"வாரும் மாப்பிளை," என்று அவர் என்னை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார். "உம்ம சிநேகிதி வந்திருக்கா."

யானை என்னைப் பார்த்தது. மறக்கவில்லை. செண்டைக்காரர்களை விட்டுவிட்டு, விளக்கை விட்டுவிட்டு, நேரே என்னிடம் வந்து என் இடுப்புக்குத் தும்பிக்கையை நீட்டியது.

"கை கழுவிட்டு வாறேன்," என்றேன்.

நடந்துதான் போனேன், வாசல்நடை தாண்டும் வரைக்கும். அதன் பிறகு ஓடினேன். ஒரு அறை, இன்னொரு அறை, இருட்டு. சுவரோரம் பெரிய நெற்பத்தாயம், பலகை மூடி பாதி திறந்திருந்தது. ஏறி உள்ளே விழுந்து மூடியை இழுத்துவிட்டேன். பாதியளவு நெல், ஒரு மூலையில் மட்டும் ஆள் உட்காருகிற அளவுக்குப் பள்ளமாக இருந்தது. கையில் ஏதோ தட்டுப்பட்டது. பனையோலை விசிறி. நெல்லுக்கு எதற்கு விசிறி என்று யோசிக்க எனக்கு நேரமில்லை.

யாரோ உள்ளே வரும் சத்தம். என் தலைக்கு மேலே மூடி கிறீச்சிட்டது. அவர்தான்; பத்தாயத்தின்மேல் உட்கார்ந்துவிட்டார். கூட யாரோ வந்திருந்தார்கள்.

"எனக்க மருமகனைப் போல ஒரு ஆளு இந்த நாஞ்சில்நாட்டுல கெடையாது, கேட்டீரா," என்று என் மேலிருந்தபடியே சொன்னார். "யானையைக் கண்டா இவனுக்கு ஆட்டுக்குட்டி."

ஆட்டுக்குட்டி கீழே நெல்லுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது.

"அப்பா, எழும்புங்க. நெல்லு எடுக்கணும்." அவள் குரல். அவர்கள் எழுந்து வாசலுக்குப் போனார்கள். மூடி திறந்தது.

கையில் மரக்காலும் ஓலைக் கடவப்பெட்டியுமாக அவள் நின்றாள். அலறவில்லை. பத்தாயத்துக்குள் ஆள் இருப்பது புதிதில்லை என்பதுபோலப் பார்த்தாள். பிறகு, ஆள் வேறு என்று தெரிந்ததும் கண் விரிந்தது.

"நீங்களா? இங்க என்ன செய்யுதீங்க?"

சொல்வதற்கு இரண்டு மூன்று பொய்கள் இருந்தன. ஒன்றும் வாய்க்கு வரவில்லை. "ஒளிஞ்சிருக்கேன்."

"ஆருக்கு?"

"யானைக்கு."

"அன்னைக்கு அடியில நின்னீங்களே?"

"நிக்கல்ல. காலு வரல்ல. அது போனதுனால வெளிய வந்தேன்."

"தீனி குடுத்தீங்களே?"

"அதுவே அவுத்து எடுத்துது. நான் ஒண்ணும் குடுக்கல்ல."

அவள் பெட்டியை வைத்துவிட்டு என்னை நன்றாகப் பார்த்தாள். என் தலையிலும் மீசையிலும் நெல். "நெல்லு குடுத்தாத்தான் யானை போவும். நீங்க நெல்லு மேல இருக்கீங்க. கொஞ்சம் தள்ளுங்க."

தள்ளினேன். அவள் என்னைச் சுற்றி வாரிக்கொண்டே கேட்டாள்.

"பல்லிக்கும் பயமா?"

"உண்டும். இன்னைக்கு உங்க வீட்டுல ஒண்ணும் இல்ல. தேடிப் பாத்தேன்."

"வெள்ளம் வந்தா ஆத்துல சாடுவீங்களா?"

"நான் கிணத்துலயே எட்டிப் பாக்கமாட்டேன்."

"பஸ்சு மேல ஏறுவீங்களா?"

"உள்ளதான் இருப்பேன். நடுவில."

"கோர்ட்டுக்குப் போவீங்களா?"

"அந்த வாசல்ல ஒரு நாய் கெடக்கும். அந்தத் தெருவுக்கே போகமாட்டேன்."

அவள் மரக்காலால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முத்திரை வைத்த அன்று சிரித்த அதே சிரிப்பு.

"அப்போ சரி," என்றாள்.

அவ்வளவுதான். எனக்குப் பெண் கிடைத்துவிட்டது.

மூடியைச் சாத்தும்போது இடையில் ஒரு தேங்காய்ச் சிரட்டையைச் செருகி வைத்தாள். "மூச்சு முட்டப்பிடாதுல்லா." அந்தச் சிரட்டை வழியாகத்தான் வாசல் பேச்சு எனக்குக் கேட்டது.

"மாப்பிளை எங்கட்டி?"

"யானைக்குக் கருப்பட்டி வாங்கணும்னு கடைக்குப் போனாருப்பா."

"கேட்டீரா," என்றது பெரிய குரல்.

செண்டை தூரமாகப் போனபின் அவள் வந்து என்னைத் திறந்துவிட்டு, அடுக்களையிலிருந்து ஒரு கருப்பட்டியைக் கையில் கொடுத்தாள். பின்வாசல் வழியாகச் சுற்றி, கருப்பட்டியோடு முன்வாசலுக்கு வந்தேன். "சே, போயிட்டாளா?" என்றேன். என்னுடைய வருத்தத்தைப் பார்த்து அவர் கண் கலங்கியது. அன்று மாலையே நிச்சய தாம்பூலம் மாற்றும்போது நெல்லின் சொணையால் உடம்பெல்லாம் சொறிந்துகொண்டிருந்தேன். யானை மயிர் பட்டால் அப்படித்தான் இருக்கும் என்று அவரே எல்லாருக்கும் விளக்கம் சொன்னார்.

கல்யாணம் கழிந்து சில வருஷங்கள். ஒவ்வொரு திருவிழாவுக்கும் மாமனார் வீட்டுக்குப் போவோம். என் மனைவி முதலில் செய்கிற வேலை, பத்தாயத்தின் அந்த மூலையில் நெல்லை ஒதுக்கி எனக்கு இடம் பண்ணுவது. அவள் ஒதுக்குகிற இடம் ஒரு ஆளுக்குக் கொஞ்சம் அதிகம் என்று எனக்கு எப்போதும் தோன்றும். மூலை ஏன் ஒழிந்து கிடக்கிறது என்று யாராவது கேட்டால், "அது எலிக்கு விட்டது," என்பாள்.

ஒரு வருஷம் சுற்றுவட்டாரத்தில் அம்மை கண்டிருந்தது. திருவிழாவில் எல்லாரும் ஊரில் இருப்பார்கள் என்று அம்மைத் தடுப்பூசி குத்துகிற சர்க்கார் ஆள் அன்றைக்குப் பார்த்து வந்து, கோயில் பக்கமிருந்து வீடு வீடாக ஏறிக்கொண்டிருந்தார். எனக்கு அதில் கவலையில்லை; ஏற்கெனவே அலறிக்கொண்டு குத்திக்கொண்டவன். எனக்குச் செண்டைச் சத்தம்தான் கேட்டது. வழக்கம்போல உள்ளறைக்குப் போய், வழக்கம்போல மூடியைத் தூக்கினேன்.

என் இடத்தில் ஆள் இருந்தது.

பெரிய மீசை முழுக்க நெல். கையில் அந்தப் பனையோலை விசிறி. கோர்ட்டையும் பக்கத்து வயல்காரனையும் கண்டு கலங்காத மனிதர் என்னை அண்ணாந்து பார்த்தார். நான் அவரைக் குனிந்து பார்த்தேன்.

"நீரு என்னத்துக்கு வந்தீரு?" என்றார் மெல்லிய குரலில். அந்தக் குரல் அவரிடம் இருப்பதே எனக்குத் தெரியாது.

"யானை," என்றேன். "நீங்க?"

"அம்மை குத்த வந்திருக்கான்."

தெருவில் செண்டை நெருங்கியது. வாசலில் யாரோ "வீட்டுல எத்தனை ஆளு?" என்று கேட்கிற சத்தமும் நெருங்கியது. அவர் நெல்லைக் கையால் தள்ளி, சரிந்து, பக்கத்தில் இடம் விட்டார். நான் ஏறி இறங்கினேன். வெளியே வளையல் சத்தம். மூடி மெல்ல இறங்கி, இடையில் ஒரு சிரட்டை வந்து உட்கார்ந்தது.

பிறகு அவர் விசிறியை என் கையில் கொடுத்தார்.

"வீசும் மாப்பிளை. வெக்கையா இருக்கு."